வீட்டு ஆர்க்கிட்டில் மாவுப்பூச்சி: ஒரு தடவை துடைத்தால் போகாது

நெல்லையும் வாழையையும் பற்றிப் பேசுகிற இடத்தில் இன்றைக்கு ஆர்க்கிட் செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது பங்களா வீட்டுச் செடியாச்சே, நமக்கென்னங்க?" என்று எழுந்து போய்விடாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் சில வருஷம் ஆசை ஆசையாக ஏற்றிவிட்டார்களே வனிலாக் கொடி, அதுவும் ஆர்க்கிட் குடும்பம்தான். ஏற்காடு, கொல்லிமலை பக்கம் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற செடிகளில் பலவும் இதே இனம்தான். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை ஆர்க்கிட்டுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்து காற்றில் ஈரம் இருப்பதால், டென்ட்ரோபியம் என்ற வகையை வீட்டு வராந்தாவிலேயே தொட்டியில் வளர்க்கிறார்கள்.

அந்த மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு வீட்டு அம்மா வராந்தாவிலும், அதை ஒட்டிய நிழல்வலைக் கொட்டகையிலுமாக 80 தொட்டி வைத்திருந்தார். பூத்தண்டு வெட்டிக் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பார். பால் காசு வீட்டுச் செலவுக்கு, பூக்காசு சின்ன மகள் படிப்புக்கு என்று பிரித்து வைத்திருந்தார். ஒரு கண்காட்சிக்குப் போனவர், நிறம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு தொட்டி வாங்கி வந்து மற்றச் செடிகளுக்கு நடுவில் வைத்தார். இரண்டு மாதத்தில் இலை இடுக்கிலெல்லாம் மாவு தூவினாற்போல வெள்ளை. துணியால் துடைத்தார், சோப்புத் தண்ணீர் அடித்தார். மறுநாள் பார்த்தால் செடி பளிச்சென்று இருந்தது. சனியன் தொலைந்தது என்று விட்டுவிட்டார். 15-ஆம் நாள் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது.

வீட்டுக்காரருக்குக் கோபம். வாழைக்கு வாங்கி மீந்துபோன மருந்து ஒன்று கொட்டிலில் இருந்தது. அளவும் பார்க்காமல் கலந்து வராந்தா முழுக்க அடித்துவிட்டார். அன்று ராத்திரி வழக்கம்போல அதே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார்கள். மூத்த மகளின் குழந்தைக்கு விடியற்காலையில் வாந்தி, வாயில் நுரைத்த எச்சில், கண்ணில் நீர். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் குழந்தை பிழைத்தது. மூன்றாவது வாரம் நான் போனபோது அந்த அம்மா சொன்னார்: "சார், பிள்ளைய சாகக் கொடுத்திருப்போம், பூச்சி மட்டும் சாகல. இந்தச் செடி எல்லாத்தையும் தூக்கி வாய்க்கால்ல போட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் போடவில்லை. என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் இந்தப் பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மாவுப்பூச்சியைச் சில ஊரில் கள்ளிப்பூச்சி என்பார்கள். செடியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெண் பூச்சி. அதற்கு இறக்கை கிடையாது. உடம்பின் மேல் மெழுகு பூசியிருக்கும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுமா? அது போலத்தான் நீங்கள் தெளிக்கிற மருந்துத் தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடிவிடும். பல வகை மாவுப்பூச்சிகள் பஞ்சு மாதிரி ஒரு பை கட்டி அதற்குள் 300 முதல் 600 முட்டை வரை இடும். பஞ்சுக்குள் இருக்கிற முட்டைக்குச் சோப்பும் எட்டாது, எண்ணெயும் எட்டாது. சுமார் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மஞ்சள் துகள். அதற்கு ஆறு கால் இருக்கிறது. நடந்து அடுத்த இலைக்கு, அடுத்த தொட்டிக்குப் போகும். அந்த வயதில் உடம்பில் மெழுகு அதிகம் இருக்காது. நம் சோப்புக்கும் வேப்பெண்ணெய்க்கும் சுலபமாக மடிவது அந்தக் குஞ்சுதான். வெயில் காலத்தில் ஒரு மாதத்தில் அதுவே தாயாகி முட்டையிட்டுவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குப் பேன் பார்க்கிறீர்கள். பேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஈர் கிடக்கிறது. அடுத்த வாரம் மறுபடி சீப்புப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். அந்த அம்மா முதலில் கையில் எடுத்தது நல்ல மருந்துதான். எட்டாம் நாள் மறுபடி எடுக்கவில்லை, அவ்வளவே.

மருந்தைக் கூட்டினால் போய்விடும் என்ற எண்ணம் வயலிலும் நம்மை ஏமாற்றியிருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் புது மாவுப்பூச்சி ஒன்று கண்டது நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றை விடவில்லை. அடித்த மருந்துக்குக் கணக்கில்லை. கடைசியில் 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு பொடிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி பப்பாளி மாவுப்பூச்சிக்கு வந்த எதிரி. ஆர்க்கிட்டுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்குள்ளே நம் கைதான் குளவி.

முதலில் பூச்சியைத் தேடிப் பிடியுங்கள். பகலில் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு தொட்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். இலையின் அடிப்பக்கம், நடு நரம்பு ஓரம், இலை தண்டோடு சேருகிற இடுக்கு, மொட்டின் முதுகு, பூக்காம்பு எல்லாம் பாருங்கள். டென்ட்ரோபியம் தண்டைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி காய்ந்த உறை இருக்கும். பூச்சிக்கு அதுதான் மச்சுவீடு. காய்ந்த உறையை மெதுவாக உரித்து எடுத்துவிடுங்கள். பச்சை உறையைப் பிய்க்க வேண்டாம். அப்புறம் தொட்டியின் விளிம்புக்கு அடியில், அடி ஓட்டையில், தொங்கவிட்ட கம்பி முறுக்கில், பலகை விரிசலில். இலையையெல்லாம் துடைத்துவிட்டுக் கம்பி முறுக்கை மறந்துபோய்த் திரும்ப வந்த கதை நிறைய உண்டு.

பூச்சியல்லாததைப் பூச்சி என்று நினைத்துச் செடியைப் பாழாக்குவதும் நடக்கிறது. ஆர்க்கிட் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் பச்சையாகும். அந்த வெள்ளைதான் ஈரத்தை உறிஞ்சுகிற தோல். ஒரு வீட்டில் அதைப் பூச்சி என்று எண்ணித் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து உரித்தே விட்டார்கள்! அதேபோல, மொட்டிலும் பூக்காம்பிலும் சில சமயம் தேன் துளி மாதிரி நிற்கும். சுற்றிலும் பூச்சி இல்லையென்றால் அது செடியே சுரக்கிற இனிப்பு, கெடுதல் இல்லை. ஆனால் இலை மேலெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் அடுப்புக்கரி படிந்தாற்போலக் கருப்பு என்றால், மேலே எங்கோ பூச்சி உட்கார்ந்து சாறு குடித்துக் கழிக்கிறது என்று அர்த்தம்.

கண்டுபிடித்த உடனே அந்தத் தொட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து, மருந்துக்கடையில் ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் கேட்டு வாங்குங்கள். 70 சதம் என்று எழுதியிருப்பது நல்லது. பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து ஒவ்வொரு பூச்சியின் மேலும், ஒவ்வொரு பஞ்சுப் பையின் மேலும் ஒற்றுங்கள். ஸ்பிரிட் மெழுகுக்குள் இறங்கிவிடும். வெள்ளைப் பூச்சி பழுப்பாக மாறும். பஞ்சோடு சேர்த்து வழித்தெடுத்து, எடுத்த பஞ்சை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். குப்பையில் அப்படியே எறிந்தால் முட்டை பொரித்து நடந்து வரும். ஸ்பிரிட்டைச் செடி மேல் ஊற்றக் கூடாது, தெளிக்கக் கூடாது. ஒற்றுவது மட்டுமே. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் புட்டியைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெரிய பூச்சியை ஒற்றி எடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுக்குச் சோப்புக் கரைசல். காதி சோப்பு 5 கிராம் சீவி 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். துணி வெளுக்கிற சோப்புத்தூள் ஆகாது, இலையைப் பொசுக்கிவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து தயிர் மாதிரி ஆகிவிடும், வேலை செய்யாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் உத்தமம். வேப்பெண்ணெய் சேர்ப்பதானால் 1 லிட்டருக்கு 5 மில்லி போதும். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கொஞ்சம் விட்டு நன்றாகக் கலக்கி, பால் மாதிரி வந்த பிறகு மிச்சத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் இலை கருகும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

எல்லாச் செடிக்கும் எடுத்தவுடன் அடிக்க வேண்டாம். ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை நன்றாக இருந்தால் மற்றதற்கு அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, கைத்தெளிப்பானால், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி. விரிந்த பூ மேல் படக் கூடாது. பட்டாம்பூச்சி மாதிரிப் பூக்கிற பெலனாப்சிஸ் என்ற அகல இலைச் செடியில் நடுக் குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். அடித்த பிறகு தொட்டியைச் சாய்த்து வடித்துவிட்டு, தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் இன்றைய தாளிலிருந்து 8-ஆம் நாள், 15-ஆம் நாள், 22-ஆம் நாள் தாளில் பேனாவால் ஒரு பூ வரைந்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் தாளைக் கிழிக்கும்போது தெரியும். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் அன்று செய்தே ஆகவேண்டும். "செடி சுத்தமாத்தானே இருக்கு, எதுக்குங்க வேலை?" என்று தோன்றுகிற அந்த 8-ஆம் நாளில்தான் ஈர் பொரித்துக் குஞ்சு நடமாடிக்கொண்டிருக்கும்.

நான்கு தடவை செய்தும் ஒரு செடி தேறாமல் வாடிக்கொண்டே இருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலேயே குடியிருக்கிற மாவுப்பூச்சியும் உண்டு. தேங்காய் மட்டை, கரி, ஓட்டாஞ்சில்லு எதுவானாலும் பழையதைத் தயங்காமல் எறிந்துவிட்டு, வேரைத் தண்ணீரில் அலசி, அழுகியதை நறுக்கி, சோப்புக் கரைசலில் முக்கி, நல்ல தண்ணீரில் கழுவிப் புதுத் துண்டில் நடுங்கள். மண்தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிய பிறகே மறுபடி உபயோகிக்க வேண்டும். கத்தியை ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் நெருப்பில் காட்டுங்கள். சாறு வழியாக வைரஸ் நோய் பரவும்.

எறும்பை விட்டுவிட்டு எந்த வைத்தியமும் பலிக்காது. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பூச்சியைத் தின்ன வருகிற வண்டையும் குளவியையும் விரட்டுகிறது. தீபாவளிப் பலகாரத் தூக்கை எறும்பு ஏறாமல் எப்படி வைப்பீர்கள்? தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைப்பீர்கள். அதே வேலை இங்கே. தட்டில் ஒரு செங்கல், செங்கல் மேல் தொட்டி, சுற்றிலும் தண்ணீர். தொட்டியின் அடி தண்ணீரில் முங்கக் கூடாது. ஓர் இலைகூடச் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக் கூடாது, தொட்டால் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். கம்பியில் தொங்குகிற தொட்டியானால் விளக்கெண்ணெய் தோய்த்த துணியைக் கம்பியில் சுற்றுங்கள். காய்ந்ததும் மறுபடி தோய்க்க வேண்டும்.

ஒரு நண்பனை மட்டும் கொன்றுவிடாதீர்கள். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து, காப்பிச் செடியில் செதிள் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு, கிரிப்டோலேமஸ் என்று பெயர். அதன் புழுவும் வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக, மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் பெரியது, சுறுசுறுப்பாக ஓடும், மாவுப்பூச்சியைத் தின்னும். நிழல்வலைக் கொட்டகையில் அப்படி ஓடுகிற வெள்ளைப் புழுவைக் கண்டால் அந்த மூலையில் தெளிக்காமல் விடுங்கள். வீட்டுக்குள் அது நிலைக்காது.

செதிள் பூச்சி இன்னொரு தொந்தரவு. இலையில் பழுப்பாகவோ வெள்ளையாகவோ பொட்டு வைத்த மாதிரி அசையாமல் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் தேய்த்து எடுங்கள். மற்றதெல்லாம் மாவுப்பூச்சிக்குச் சொன்ன அதே முறை, அதே நாள் கணக்கு. செத்த பிறகும் ஓடு இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதால், மருந்து பலிக்கவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். நகத்தால் நசுக்கிப் பாருங்கள். ஈரம் வந்தால் உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் செத்தது.

இலைப்பேன் பூவுக்குள் இருக்கும். பூவை வெள்ளை வேட்டி மேல் தட்டினால் சிறு கோடு மாதிரி ஓடும். அந்தப் பூவையும் மொட்டையும் வெட்டி எரித்துவிடுங்கள். சிவப்புச் சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே அல்ல. வறண்ட அறையில் வரும். ஈர வெள்ளைத் துணியால் இலை அடியைத் துடைத்தால் துரு மாதிரிக் கறை படும். ஆரம்பத்தில் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டே வந்தால் அடங்கும்.

வயல் மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திறந்த வயலில் காற்றோடு போகிற நஞ்சு, வீட்டுக்குள் தரையிலும் பாயிலும் சுவரிலும் தங்கும். குழந்தை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். பயிர் மருந்து எதையும் வீட்டுக்குள் தெளிக்கக் கூடாது. புகையிலைக் கஷாயமும் வேண்டாம். இலையில் காய்ச்சியதுதானே என்பார்கள், அதில் இருக்கிற நிக்கோட்டின் நல்ல நஞ்சு. நூற்றுக்கணக்கில் தொட்டி வைத்து வியாபாரம் செய்கிறவர்கள், பூச்சி கைமீறிப் போனால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு இலையைப் பையில் கட்டிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். கொட்டிலில் மீந்து கிடப்பதை எடுக்க வேண்டாம்.

தோவாளை அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வராந்தாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாயை மாற்றினார். 80 தொட்டியில் 11 தொட்டியைப் பார்த்த உடனேயே எரித்துவிடச் சொன்னேன், மனசில்லாமல் எரித்தார். மிச்சத்துக்கு அவரும் சின்ன மகளும் தினம் சாயங்காலம் பத்துத் தொட்டியாகப் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தார்கள். 69 தொட்டியும் ஒரு சுற்று வர ஒரு வாரம் ஆகும். அப்படி ஏழு வாரம், ஏழு சுற்று. முதல் இரண்டு வாரம் அலுத்துக்கொண்ட வீட்டுக்காரர் மூன்றாம் வாரம் பேட்டரி லைட் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டாம் வாரம் இரண்டு தொட்டியில் மட்டும் கண்டது, அவற்றையும் தனியே வைத்துத் துடைத்தார்கள். அடுத்த பருவத்தில் பூத்தண்டு வெட்டினார்கள். முன்பு வந்த அளவுக்கு இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே.

இப்போது அந்த வீட்டில் புதுச் செடி எது வந்தாலும், யார் கொடுத்தாலும், கிணற்றடி ஓரம் தனியாக நான்கு வாரம் நிற்கிறது. வாராவாரம் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, நான்கு வாரமும் சுத்தமாக இருந்தால்தான் வராந்தாவுக்கு வருகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எறும்புத் தட்டுத் தண்ணீரை வாரம் இரண்டு தடவை கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் அதில் டெங்குக் கொசு பெருகும்.